சேறடித்த கொல்லை

களிமண்ணில் கத்தரி வராது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சட்டைக் கையை மடித்துவிடத் தோன்றும். அப்புறம் எதிராளியின் உடம்பைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். வீரம் அம்மாவுடையது. எனக்கு வந்தது அதன் சத்தம் மட்டும்.

கீழ்வேளூர் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்கக் கருங்களி. மழையில் காலை வெளியே விடாது, வெயிலில் கடப்பாரையை உள்ளே விடாது. பெரியப்பா அங்கே சிமெண்டுத் தளம் போட்டு நெல் காயவைக்க நினைத்தார். அம்மா காய்கறி போட நினைத்தாள். கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் ஒன்பது வயது நான்தான் நடுவில் நின்று பேச்சைக் கடத்தினேன்.

"பொங்கல் வரைக்கும் விடச் சொல்லுடா உங்க பெரியப்பாவ."

"சரின்னு சொல்லு. அதுக்குள்ள ஒரு காய் காய்க்கலன்னா கொத்தனார் வந்துருவாருன்னும் சொல்லு."

இருவருக்கும் நடுவே மூன்றடி தூரம்கூட இருக்காது.

அம்மா ஒரு கல்யாணத்துக்காகப் பிறந்த வீடு போன சமயம், அப்பாவுக்கு அவளுக்கு உதவும் ஆசை வந்தது. நெல் வீட்டுப் பிள்ளைக்கு மண்ணைப் பண்படுத்த ஒரே வழிதான் தெரியும்: தண்ணீர் கட்டி, மிதித்து, கூழாக்குவது. மோட்டாரைப் போட்டார். இருவரும் ஆனந்தமாக மிதித்தோம். திடீரென்று பூமி என்னை விழுங்குவதாக எனக்கு நிச்சயமாகிவிட்டது. "அம்மாகிட்ட நான் நல்லவன்னு சொல்லிருங்க!" என்று அலறினேன். தெருவே கூடிவிட்டது. அப்பா தூக்கிப் பார்த்தால், சேறு முழங்காலுக்குக்கூட வரவில்லை.

சேறடித்த மண் தண்ணீரைக் கீழே இறங்க விடாது. நெல்லுக்கு அது போதும். கத்தரி வேருக்குக் காற்று வேண்டும். அடுத்து அடித்த வெயிலில் கொல்லை செங்கல்லாகிவிட்டது. பெரியப்பா குடைக் கம்பியால் தட்டிப் பார்த்தார். ணங்கென்றது.

"கொத்தனாரே வேண்டாம் போலருக்கே. தம்பியே தளம் போட்டுட்டான்!"

ஊரிலிருந்து திரும்பிய அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். சைக்கிளுக்கு எண்ணெய் போடப் போகிறேன் என்று கிளம்பியவர் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

அவள் அழவில்லை. ஒரு மழை பெய்து, மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். அப்புறம் கடப்பாரையால் கட்டி கட்டியாகப் பெயர்த்தாள். பதர், மக்கிய வைக்கோல், மாட்டெரு எல்லாவற்றையும் கூடை கூடையாகக் கொட்டிக் கலந்தாள். தண்ணீர் வடிய மேட்டுப் பாத்தி கட்டி, கத்தரி நாற்று நட்டு, நடக்கப் பலகை போட்டாள். "பாத்தில கால் வச்சா ஒடிச்சிருவேன்" என்று என்னிடம்தான் சொன்னாள். அப்பாவும் பலகையில்தான் நடந்தார்.

பொங்கலுக்குச் செடி பூத்திருந்தது. காய் இல்லை. பெரியப்பா சொன்ன சொல் தவறாதவர். பொங்கல் முடிந்ததும் மணல் வண்டியும் கொத்தனாரும் வந்து நின்றார்கள்.

"பூத்திருச்சு, இன்னும் கொஞ்ச நாள்னு சொல்லுடா" என்றாள் அம்மா. தூதருக்கோ அவசரமாக ஒன்றுக்கு வந்தது. வேலியோரம் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், அம்மா பலகை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கொட்டுறதுன்னா என் தலையில கொட்டச் சொல்லுங்க அத்தான்."

கொத்தனார் அவளைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "எனக்கு இன்னொரு எடத்துல வேல கெடக்குங்கய்யா" என்று நழுவினார். ஆபத்து நீங்கியது உறுதியான பிறகு, நானும் பித்தானைப் போட்டபடி வந்து அம்மா பக்கத்தில் வீரமாக உட்கார்ந்தேன்.

மாசியில் காய்த்துத் தள்ளியது. ஒரு காலையில் பெரியப்பா கொல்லைக்கு வந்து செருப்பைக் கழற்றினார். அந்த இடமும் அதைச் சுற்றியிருந்த வயலும் பட்டாப்படி அவருடையவை.

"உள்ள வரலாமா?" என்றார்.

அம்மா களை பிடுங்குவதை நிறுத்தாமல் கொஞ்சம் யோசித்தாள்.

"வாங்க."

சொந்தக் கொல்லைக்குள் போக ஒரு மனிதர் அனுமதி கேட்பதா! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் இருவரும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.