மல்லிகை மட்டும் மணக்க வேண்டிய மேடை

கல்யாண மேடை பேச வருகிறவர்கள் கைப்பேசியை நீட்டிக்கொண்டேதான் கடைக்குள் வருவார்கள். யாரோ ஒரு நடிகையின் கல்யாணப் படம் அதில் இருக்கும். இதே மாதிரி வேண்டும், ஆனால் இதைவிடக் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்பார்கள். இருபது வருடமாகக் காரைக்காலில் மேடை அலங்காரம் செய்கிறேன். படம் காட்டாமல் வந்தவர் என்று எனக்கு ஒருவரைத்தான் நினைவிருக்கிறது. சித்திரை வெயில் சாலைத் தாரை உருக்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் அவர் கடை வாசலில் வந்து நின்றார். தலையில் கூடை இல்லாததால் முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தருமபுரத்துத் தெருக்களில் மீன் விற்கும் அக்கா. எங்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் வருகிறவர்.

“உள்ள வாங்கக்கா” என்றேன். “இருக்கட்டும் தம்பி, பூவெல்லாம் வச்சிருக்கீங்க” என்று வாசலிலேயே நின்றுகொண்டார். மகளுக்கு வைகாசியில் முகூர்த்தம். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகில் போகிற ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள் என்பதால் அந்த வீடுகளில் கல்யாணத்தை அப்போதுதான் வைப்பார்கள். மகள் படித்து ஆசிரியை ஆனவள். கூட வேலை பார்க்கும் பையனை விரும்பியிருக்கிறாள். பையன் பூவம் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் முட்டைகூடச் சேராத சைவம். அவர்களைச் சம்மதிக்க வைக்க இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

“அலங்காரம் எப்புடி இருக்கணும்னுலாம் எனக்குச் சொல்லத் தெரியாது தம்பி. மேடகிட்ட யாரு வந்தாலும் மல்லியப்பூ வாசனதான் அடிக்கணும். வேற எதுவும் அடிக்கப்படாது. அத மட்டும் பாத்துக்குங்க” என்றார். கிளம்பும்போது, அன்றோடு கூடையைத் தொடுவதை நிறுத்திவிட்டதாகவும், கல்யாணம் முடிகிறவரை வீட்டில்கூட மீன் ஆக்கப்போவதில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வாசனைக்காக மேடை போடுவது சுலபமில்லை. இப்போது எல்லாரும் கேட்கிற ஜெர்பராவுக்கும் ஆர்கிடுக்கும் வாசனை கிடையாது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும், மூக்குக்கு ஒன்றும் தராது. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பின்திரை முழுவதும் குண்டுமல்லிச் சரமாகத் தொங்கவிடுவது என்று முடிவு செய்தேன். வேதாரண்யம் பக்கத்துத் தோட்டங்களில் சொல்லிவைத்தேன். கோடையில் மல்லிகை கொட்டிக் கிடக்கும், ஆனால் கோடைதான் அதற்கு எமன். சூடு பட்டால் மொட்டு நேரங்கெட்ட நேரத்தில் மலர்ந்து, முகூர்த்தத்துக்குள் பழுப்பேறிவிடும். கட்டின சரத்தை மறுநாள் காலை வரை குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் அடுத்த கடைக்காரர்களுக்கு நான் வகுப்பே எடுப்பேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் மின்சாரம் போனது. தெரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோயிற்று, கரண்ட் நாளைக்குத்தான் வரும் என்றார்கள். ஜெனரேட்டரை மண்டபத்துக்கு அனுப்பியிருந்தேன். என் குளிர் அறை ஒரு மணி நேரத்தில் அடுப்படி ஆகிவிட்டது. ஊரில் ஐஸ் தேடினால் ஜூஸ் கடைக்காரர்களும் மற்ற கல்யாண வீட்டுக்காரர்களும் காலையிலேயே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கடையில் பூக்கட்டுகிற அண்ணன்தான், துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் கிடைக்கும், விசைப்படகு ஓடாததால் அங்கே கூட்டமே இருக்காது என்றார். உடனே லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய், உடைத்த ஐஸை நான்கு பிளாஸ்டிக் பெட்டிகளில் நிரப்பிக்கொண்டு வந்தார். பெட்டிகள் மீன் பெட்டிகள். தடைக்காலத்தில் ஒரு மாதமாக வெயிலில் காய்ந்து கிடந்தவை. வெளுத்துப்போய்ச் சுத்தமாகத்தான் இருந்தன. நான் குனிந்து மோந்துகூடப் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. வாழையிலையை விரித்து, மல்லிகைச் சரங்களையும் மாலைகளையும் அதன் மேல் நானே என் கையால் அடுக்கினேன்.

காய்ந்த பெட்டியில் வாடை உறங்கும், ஈரம் பட்டால் எழுந்துவிடும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்திருந்தாலும் பயனில்லை. துறைமுகத்துக்கு அரை மைலில் பிறந்து வளர்ந்தவன் நான். காற்று கிழக்கே திரும்பினால் எங்கள் வீட்டுத் துணிமணி எல்லாம் அந்த வாடையில்தான் காயும். எங்களுக்கு அது வாடையே இல்லை, வெறும் காற்று. வெளியூர்க்காரன் ஒருவன் கடையில் இருந்திருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பான். எங்கள் கடையில் எல்லாரும் உள்ளூர்.

காலையில் சரங்களை எடுத்தபோது அத்தனையும் மொட்டு மாறாமல் வெள்ளை வெளேரென்று இருந்தன. மேடையில் தொங்கவிட்டுவிட்டுக் கீழே இறங்கி நின்று பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கியது. நான் போட்ட மேடைகளிலேயே அழகான மேடை அதுதான்.

தாரை வார்க்கும் நேரம். அக்காவும் அவர் கணவரும் மேடையில் நின்றார்கள். அரக்குப் பட்டு, முகம் நிறைய மஞ்சள் பூசிக் குளித்த மினுமினுப்பு. மேலே விளக்குகளின் சூட்டில் சரங்களிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மகள் கையைப் பையன் கையில் வைத்து நீர் வார்த்து முடித்தபோது, பையனின் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “எங்கேருந்தோ மீன் வாடை வருதுல்ல?” என்று பக்கத்தில் நின்ற பையனின் அம்மாவிடம் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். பையனின் அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பேசாமல் இரு என்று அர்த்தம். அந்த அழுத்தத்தை அக்கா பார்த்துவிட்டார்.

நான் மேடை ஓரத்தில் நின்றிருந்தேன். கைக்கு எட்டிய சரத்தை இழுத்து மூக்கில் வைத்து அழுத்தினேன். தேடி மோந்ததால் என் உள்ளூர் மூக்குக்கும் அகப்பட்டது. மல்லிகைக்கு அடியில், எப்போதோ அள்ளிய நெத்திலி. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று சொல்லி வைத்தவர்கள், மீனோடு சேர்ந்த பூவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

நிமிர்ந்தபோது அக்கா மேடையில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் கைகழுவும் இடத்தில் நின்று, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டு ரவிக்கையின் கை நனைந்திருந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“மேடை ஜொலிக்கிது தம்பி. உங்கமேல ஒரு கொற இல்ல” என்றார் என்னைப் பார்க்காமல். “முப்பது நாளு கூடையத் தொடல. பயத்தமாவும் மஞ்சளும் போட்டுத் தேச்சுத் தேச்சுக் குளிச்சேன். அப்புடியும் போவல பாருங்க.”

அது நீங்கள் இல்லை, என் பூ என்று சொல்ல வேண்டியதுதானே? இன்று வரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். சொன்னால், தாலி ஏறப்போகிற கழுத்தில் கிடக்கிற மாலையைக் கழற்றச் சொல்வார்கள். முகூர்த்த வேளையில் மாலையைக் கழற்றுவதாவது? இரண்டு வருடம் கெஞ்சிக் கூட்டிவந்த கல்யாணம். இது ஒரு காரணம். என் பெயர் கெட்டுப்போகும் என்ற பயமும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? “அக்கா, அது வந்து” என்று நான் வாயெடுத்தபோது கெட்டிமேளம் முழங்கியது. அக்கா சோப்பு நுரையோடு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற என்னால் அவரை அங்கேயிருந்து நகர்த்தக்கூட முடியவில்லை.

ஒரு வாரம் தூக்கமில்லை. எட்டாம் நாள் அவர் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மின்சாரம் போனது, ஐஸ் கம்பெனி, பெட்டி, ஒன்று விடாமல். அக்கா மோர் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். “நல்ல மனசு தம்பி உங்களுக்கு. என் சங்கடத்தப் பாத்துட்டுச் சொல்றீங்க” என்றார். பூக்கட்டும் அண்ணனை அழைத்துப்போய்ச் சாட்சி சொல்ல வைத்தேன். “அவரும் உங்க ஆளுதானே” என்று சிரித்தார். எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. அந்தப் பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், அவர் வாசலில் வைத்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, மேலே ஒரு முழம் மல்லிகையைப் போட்டு ஊறவைத்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. “இப்ப மோந்து பாருங்கக்கா!”

அக்கா பூவை எடுத்து நிதானமாக மோந்து பார்த்தார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பிறகு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“மல்லியப்பூ வாசனதான் தம்பி அடிக்கிது” என்றார்.

முப்பது வருடம் மீன் கூடை சுமந்தவரின் மூக்கு அது. நான் கொண்டுபோன இரண்டாவது சாட்சியும் அங்கே செல்லுபடி ஆகவில்லை. கடைசி முயற்சியாக மகளையும் விட்டுச் சொல்ல வைத்தேன். மகள் சொன்னதற்கு, “ஒன் மாமியாரு மனசு கோணக் கூடாதுன்னு பேசுறியா?” என்று கேட்டாராம்.

அக்காவுக்கு இப்போது ஒரு பேரன் இருக்கிறான். அந்த அத்தைகூடக் கேட்ட கேள்வியை என்றைக்கோ மறந்திருப்பார். பையனின் அம்மா, சம்பந்தி ஏன் வந்தால் இரண்டு நாள் தங்குவதில்லை என்று என்னிடமே ஒருமுறை வருத்தப்பட்டார். போன மாதம் அக்கா பூவத்துக்குப் புறப்பட்டுப் போகிற வழியில் கடைக்கு வந்தார். இன்னமும் வாசலோடு சரி. கையை நீட்டி, “வாட இருக்கா பாருங்க தம்பி” என்றார். குனிந்து மோந்து பார்த்தேன். எலுமிச்சம்பழமும் சோப்பும்தான்.

“சத்தியமா இல்லக்கா” என்றேன்.

“ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? நீங்களும் இந்த ஊருதானே” என்று சொல்லிச் சிரித்தார். “அங்க போனதும் ஒருக்கா குளிச்சிட்டுத்தான் பேரனத் தூக்குவேன்.”