நைட் ஷிப்ட் அண்ணன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோவை கணபதியில் முதல்முறையாகத் தனியாக வீடு எடுத்திருந்தேன். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. தனியாக இருப்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அம்மா சம்மதித்தார். அண்ணனின் பழைய செருப்பை வாசலில் போட்டுவிட்டுப் போனார். அண்ணனும் என்னோடுதான் இருக்கிறார், நைட் ஷிப்ட் என்பதால் பகலெல்லாம் தூங்குவார் என்று எதிர்வீட்டு அக்காவிடம் நானும் அளந்துவிட்டேன். அண்ணனோ ஆனைமலையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தார்.

ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. ஹாலில் சாமி விளக்கை ஏற்றி, அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனேன். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. இழுத்து இழுத்து விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். போன் சமையலறையில் கிடந்தது. பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கேஸ் வாடை வந்தது. பால் வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது, ஹாலிலோ விளக்கு எரிகிறது.

குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாகக் கத்தினேன். பக்கத்து லேத் பட்டறையின் இரைச்சலையும் மீறி அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"ஏனுங்க அம்மணி, என்னாச்சுங்க?"

"கதவு மாட்டிக்கிச்சுங்கக்கா. கேஸ் வேற லீக்காவுது."

"பயப்படாதீங்க கண்ணு, நான் போயி அண்ணனை எழுப்பறேன்."

வாசலுக்கு ஓடி, "ஏனுங்க, எந்திரிங்க" என்று இல்லாத அண்ணனைத் தட்டி எழுப்ப ஆரம்பித்தார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா என்ன சொல்வார், தெரு என்ன பேசும் என்று யோசித்தேன். வாடை அதிகமாகி இருமல் வந்த பிறகுதான், "அண்ணன் இல்லீங்கக்கா, நான் தனியாத்தான் இருக்கேன், கதவை ஒடைங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

பட்டறைக்காரர்கள் கடப்பாரையோடு வந்து வாசல் கதவை உடைத்தார்கள். அக்கா ஓடிப்போய் விளக்கை அணைத்து, சிலிண்டரை மூடிவிட்டு ஜன்னல்களைத் திறந்தார். பிறகு குளியலறைக் கதவையும் உடைத்து என்னை வெளியே கொண்டுவந்தார்கள்.

தண்ணீர் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "உங்கண்ணன் தூக்கம் கெட்டுப்போயிருமுன்னு எங்க ஊட்டுப் புள்ளைகள இந்தப் பக்கமே உடறதில்லீங்க. தனியா இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா தெனம் ஒருக்கா எட்டிப் பாத்திருப்பனே." அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

விஷயம் தெரிந்ததும் அம்மா வீட்டைக் காலி செய்துவிட்டு வரச் சொன்னார். முடியாது என்றேன். இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். தனியாக இருப்பதைவிட, அதை நாலு பேரிடம் சொல்லத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். அன்று என் உயிரை எடுக்கப் பார்த்தது அந்தப் பயம்தான்.