வயதைக் கடைசியில் கேட்கும் மேவிஸ்

மேவிஸ் ஹாக்பென் தொலைபேசியில் பேசுவதற்குத் தொலைபேசியே தேவையில்லை. இங்கிலாந்தில், ஃபோக்ஸ்டோன் துறைமுகத்தைப் பார்த்தாற்போல, மீன் பொரிக்கும் கடைக்கு மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் ஒரு "ஹலோ" போட்டால் கீழே உட்கார்ந்திருக்கும் கடற்காகங்கள் எழுந்து பறந்துவிடும். அவள் அப்பா மீன் ஏலம் விடுகிறவர். "எங்க வீட்ல உப்பை எடுத்துக் குடுன்னு கேக்கறதுகூட ஏலம் மாதிரிதான் இருக்கும்" என்பாள். தேவாலயப் பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். முதலில் பின்வரிசைக்கு அனுப்பினார்கள், பிறகு தேநீர் போடச் சொல்லிவிட்டார்கள். அதற்கும் அவளுக்குச் சிரிப்புதான்.

இருபத்திரண்டு வருஷமாக அவளோடு ஒரே அறையில் குப்பை கொட்டுகிறேன். என் இடது காது மந்தமாகிவிட்டது. இடது பக்கம்தான் அவள் மேஜை.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால் விருந்தில்கூட யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பிரான்சிலிருந்து ரப்பர் படகில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வந்து இறங்கும் பிள்ளைகள் "எனக்குப் பதினாறு" என்பார்கள். அதை நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது. பதினெட்டுக்குக் கீழே என்றால் வளர்ப்பு வீடு, பள்ளிக்கூடம், பார்த்துக்கொள்ள ஒரு ஆள். மேலே என்றால் பெரியவர்களோடு விடுதி. எது என்று இரண்டு சமூகப் பணியாளர்கள் பேசிப் பார்த்து, இருவரும் ஒத்துக்கொண்டு முடிவு சொல்லவேண்டும். அந்த இரண்டு பேர் மேவிஸும் நானும். அவள் நம்புகிற ஜாதி, நான் சந்தேகப்படுகிற ஜாதி. "நெவில், நீ பிறந்ததும் 'இது என் அம்மாதானா, அடையாள அட்டையைக் காட்டு'ன்னு கேட்டிருப்பே" என்று என்னைச் சீண்டாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது.

மற்றவர்கள் வயதைத்தான் முதலில் கேட்பார்கள். மேவிஸ் அதைக் கடைசியில்தான் கேட்பாள். கடற்கரைக் கூழாங்கல்லில் நடக்கக் கூட்டிப்போவாள். சிப்ஸ் வாங்கிக் கொடுப்பாள். வகுப்பில் உன்னை யார் அடிப்பார்கள், அம்மா மடியில் கடைசியாக உட்கார்ந்தது யார் என்று வம்படிப்பாள். "வயசு எங்க ஓடிப்போகப்போகுது? கூடவேதானே இருக்கு" என்பாள். எனக்கோ இந்தச் சிப்ஸ் செலவைக் கணக்கில் எப்படி எழுதுவது என்ற கவலை.

போன அக்டோபரில் எரித்ரியாவிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வந்து இறங்கினார்கள். தம்பி ரோபெலுக்கு ஒன்பது வயது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவன் கழுத்தில் தொங்கிய ஞானஸ்நானச் சிலுவையின் பின்புறம் பிறந்த வருஷம் பொறித்திருந்தது. அக்கா பெயர் லுவாம். யாரோ கொடுத்த பெரிய மனுஷி கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, மாமியார் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மொழிபெயர்ப்பாளர் மெப்ராத் அன்றைக்கு நேரில் வர முடியவில்லை, போனில் ஸ்பீக்கர் வழியாகப் பேசினாள்.

மேவிஸ் வாயைத் திறப்பதற்குள் லுவாமே ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு இருபது வயசு. நான் பெரியவ. இவன் என் பொறுப்பு. எங்க கையெழுத்துப் போடணும்?"

நான் மேவிஸைப் பார்த்தேன், மேவிஸ் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எங்களிடம் வந்த எல்லோரும் வயதைக் கீழே இழுத்தவர்கள்தான். மேலே தூக்கியவள் இவள் ஒருத்திதான். முகத்தைப் பார்த்தால் பால் வடிகிறது. எந்தப் பக்கமாகச் சந்தேகப்படுவது என்றே எனக்குப் புரியவில்லை.

மேவிஸ் தம்பி பக்கம் திரும்பினாள். "நீ ஸ்கூலுக்குப் போனியா கண்ணு? உங்க அக்காவும் போனாளா?"

பையனின் முகம் மலர்ந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோனான். பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி போட்டாள் லுவாம். "ஷ்ஷ்!" பையன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அதற்குப் பிறகு எது கேட்டாலும் பொத்திய வாய் பொத்தியபடியே இருந்தது.

நான் மேவிஸ் பக்கம் சாய்ந்து, "தலையில பேன்" என்றேன்.

"என்னது, பேனா?" என்று அவள் தன் ரகசியக் குரலில் கேட்டாள். ஸ்பீக்கரில் மெப்ராத், "பேனை மொழிபெயர்க்கவா?" என்றாள்.

அன்று மதியம் மேவிஸ் பேன் சீப்பு வாங்கிவந்து, பையனை மடியில் சாய்த்துக்கொண்டு தலையை வாரி எடுத்துவிட்டாள். ஒன்றுகூட இல்லை. "உன் தலையிலகூட இதைவிட அதிகமா இருக்கும் நெவில்" என்றாள். என் தலையில் முடியே கிடையாது.

பேன் போகட்டும். பிரச்சினை வெள்ளிக்கிழமைப் பேருந்து. லுவாமுக்கு இருபது என்றால் அவளை வடக்கே பெரியவர்கள் விடுதிக்கு ஏற்றிவிடுவார்கள். அந்த விடுதியில் சின்னப் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். அக்காவிடம் ஒப்படைக்கலாமா என்று விசாரித்து முடிக்க எத்தனையோ வாரம் ஆகும், அதுவரை ரோபெல் இங்கே வேறு யார் வீட்டிலோ இருப்பான். தம்பியை விடக்கூடாது என்றுதான் அந்தப் பெண் பொய் சொன்னாள். அந்தப் பொய்யே இருவரையும் பிரிக்கப்போகிறது.

மேவிஸ் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். லுவாம் உதட்டைச் சுழித்துச் சிரித்தாள்.

"இதையேதான் சொல்வீங்கன்னு படகு ஏறின கலேல ஒருத்தர் சொன்னாரு. 'சின்னப் பிள்ளைன்னு ஒத்துக்கோ, சேத்து வைக்கறோம்'பாங்களாம். ஒத்துக்கிட்டதும் நீ ஒரு வீடு, தம்பி ஒரு வீடுன்னு பிரிச்சுடுவாங்களாம். இல்லைன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

மேவிஸால் சொல்ல முடியவில்லை. எங்கள் கையில் இருக்கும் வளர்ப்பு வீடுகளில் பாதிக்குமேல் ஒற்றைப் படுக்கை வீடுகள்தான்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன், "அது சின்னப் பொண்ணுன்னு உனக்குத் தோணுது. குடைஞ்சு குடைஞ்சு கேட்டா அழுதுக்கிட்டே சொல்லிடும். கேட்டுடலாமே?"

"கேக்க மாட்டேன்" என்றாள். "உண்மையைச் சொல்லுன்னு ஒரு பிள்ளையைக் கேக்கறதுக்கு முன்னாடி, சொன்னா அது ராத்திரி எங்க போய்ப் படுக்கும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். முதல்ல வீட்டைப் பிடிப்போம். ரெண்டு படுக்கை, ஒரே கூரை."

பிடித்தால் உடும்புப் பிடி. கென்ட் மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாள். ஒருத்தி ஸ்பெயினுக்குச் சுற்றுலா போகிறாளாம், இன்னொருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சையாம். கடைசியில் ரோம்னி சதுப்பு நிலத்தில், ஆட்டு மந்தைகளுக்கு நடுவில் குடியிருக்கும் ரெஜ் நினைவுக்கு வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி வெராவும் எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தவர்கள். மேவிஸ் உடனே போன் போட்டாள்.

"ரெஜ், உன் ரெண்டு ரூமும் வேணும்."

"ஒண்ணு தர்றேன் மேவிஸ். இன்னொண்ணுல ரயில் ஓடுது."

நிஜமாகத்தான். பொம்மை ரயில். அறை முழுக்கத் தண்டவாளம், மலை, குகை, குட்டி ஸ்டேஷன்.

"நிறுத்து அதை."

"நாப்பது வருஷமா ஒவ்வொண்ணா சேத்தது மேவிஸ்."

"அப்போ கடைசி ஸ்டேஷன் வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்கன்னு அறிவிச்சுடு."

பின்னாலிருந்து வெராவின் குரல் பாய்ந்து வந்தது. "மேவிஸ், நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்! நானும் கல்யாணம் ஆன நாள்லேருந்து கத்தறேன்!"

வியாழக்கிழமை காலை, இரண்டு பட்டம் வாங்கிய நான், ரெஜ்ஜின் தோட்டத்துக் கொட்டகைக்குத் தண்டவாளம் சுமந்தேன். ரெஜ் பக்கத்திலேயே நடந்துவந்து, "பாத்து, பாத்து, அந்தப் பாலம் உடையும்" என்று உயிரை எடுத்தார். மேவிஸ் மாடியில் படுக்கை விரித்துக்கொண்டே பாடினாள். ஆடுகள் வேலியோரமாக நகர்ந்துபோயின.

மதியம் பிள்ளைகளைக் கூட்டிவந்தோம். மெப்ராத்தும் நேரில் வந்துவிட்டாள். லுவாம் கோட்டைக் கழற்றாமலே மாடியேறினாள். எதிரெதிரே இரண்டு கதவு. ஒரு மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து மூடினாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவளின் தோரணை.

"இது யாருக்கு?"

"உனக்கு" என்றாள் மேவிஸ்.

"அது?"

"அவனுக்கு."

"அவன் ராத்திரி கத்துவான். எனக்குக் கேக்குமா?"

"கதவைத் திறந்துவெச்சா அவன் மூச்சு விடறதே கேக்கும் கண்ணு."

"எத்தனை நாளைக்கு?"

"நீ சின்னப் பிள்ளைன்னா பதினெட்டு முடியற வரைக்கும். அதுக்கப்புறமும் ரெஜ் விரட்ட மாட்டாரு. விரட்டினா என்கிட்ட பேசவேண்டியிருக்கும்."

"ஐயோ, மாட்டேம்மா" என்றார் ரெஜ்.

லுவாம் எதிர் அறையைப் பார்த்தாள். ரோபெல் வாயைப் பொத்தியபடியே கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தான். அவள் மெதுவாகக் கோட்டைக் கழற்றி, மடித்து, மெத்தைமேல் வைத்தாள். உள்ளே ஒரு குச்சி உடம்பு.

"அப்படின்னா எனக்குப் பதினைஞ்சு" என்றாள்.

வெரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. நான் என்ன செய்ய, என் சுபாவம் அப்படி.

"முந்தாநாள் இருபது, இன்னிக்குப் பதினைஞ்சு. மெத்தை இன்னும் கொஞ்சம் மெத்துன்னு இருந்தா நாளைக்கு எட்டு ஆயிடுமா?"

"நெவில்!" என்றாள் மேவிஸ். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆனால் நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. படுக்கையைக் காட்டிய பிறகு சொன்ன வயதை எதை வைத்து நம்புவது? நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் அந்தப் பெண் பேருந்தில் இருப்பாள். அது மேவிஸுக்கும் தெரியும்.

அப்போதுதான் ரோபெல் குதிப்பதை நிறுத்திவிட்டு அக்காவிடம் ஏதோ கேட்டான். லுவாம் தலையசைத்தாள். பையன் வாயிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கொட்ட ஆரம்பித்துவிட்டான். வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோனான்.

"பாருங்க, பாருங்க, பேன்!" என்றேன்.

மெப்ராத் விழுந்து விழுந்து சிரித்தாள். "பேன் இல்லீங்க நெவில், பள்ளிக்கூடம்! எங்க ஊர்ல பிறந்த தேதி யார்கிட்ட இருக்கு? கையைத் தலைக்கு மேலே போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்வாங்க. தொட்டா சேத்துப்பாங்க. தொடலைன்னா அடுத்த வருஷம் வான்னு அனுப்பிடுவாங்க."

ரோபெலுக்கு எங்கள் பேச்சைக் கேட்க நேரமில்லை. மெப்ராத் அவன் பேச்சைத் துரத்திக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

"அம்மா அக்காவைச் சேக்கக் கூட்டிப்போனாங்க. அக்காவுக்கு ஒரு விரல் அளவு எட்டல. வாத்தியார் போன்னுட்டாரு. அம்மா விடல. சண்டை போட்டாங்க, போட்டாங்க, அங்கேயே வலி வந்துடுச்சு. வயித்துல யாரு? நான்! வாத்தியார் பயந்துட்டாரு. 'பொண்ணைச் சேத்துக்கறேன் தாயே, என் வகுப்புல மட்டும் பெத்துடாதே'ன்னு பேரை எழுதிட்டாரு. அன்னிக்குத்தான் நான் பிறந்தேன். என்னாலதான் அக்கா ஸ்கூல்ல சேந்தா!"

"தினமும் இதையே சொல்லிக் கழுத்தறுப்பான்" என்றாள் லுவாம். முதல் தடவையாக அவள் பல் தெரிந்தது.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பையனுக்கு ஒன்பது. அவன் பிறந்த அன்று அக்காவின் கை காதுக்கு ஒரு விரல் எட்டவில்லை என்றால் அப்போது அவளுக்கு ஆறு இருக்கும். கூட்டிப் பார்க்க எந்தப் பட்டமும் வேண்டாம். அதைவிட முக்கியம், இந்தக் கதையை அவன் இன்றைக்கு மெத்தையைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. முதல் நாளே சொல்ல ஆரம்பித்துக் கையில் அடி வாங்கினான். அதை என் கண்ணால் பார்த்துப் பேன் என்று சொன்னவனே நான்தான். சாட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீப்பு வாங்கியிருக்கிறோம்.

"பதினைஞ்சுதான்" என்றேன். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை."

மேவிஸ் என்னைக் கட்டிப்பிடித்து, இடது காதுக்குள் "நெவில், நீ மனுஷன்டா!" என்று கத்தினாள். மிச்சம் மீதி இருந்ததும் போயிற்று. பிறகு ரோபெல் எங்கள் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துச் சோதித்தான். மேவிஸ் தேறினாள், வெரா தேறினாள், நானும் தேறினேன். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை இறுகிப்போன ரெஜ்ஜுக்குக் கை நெற்றியோடு நின்றுவிட்டது.

"ஃபெயில்! அடுத்த வருஷம் வாங்க" என்றான் ரோபெல். லுவாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் பேருந்து அவள் இல்லாமல் கிளம்பிப்போனது. மத்தியானம் மேவிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு ரெஜ்ஜை அழைத்தாள்.

"ரெஜ்! பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

பதிலுக்குக் காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. "மெதுவா பேசு, உனக்குப் புண்ணியமாப் போகும். பொண்ணு இன்னும் எழுந்திருக்கல. ராத்திரி படுத்ததுதான். பையன் அவ கதவுக்கு முன்னாடி சம்மணம் போட்டு உட்காந்திருக்கான். உதட்டுல விரலை வெச்சுக்கிட்டு ஷ்ஷ், ஷ்ஷ்ங்கறான். மாடிக்கு ஒருத்தரையும் விடல. வெராகிட்டேருந்து துடைப்பத்தைப் பிடுங்கிட்டான். நான் காலையிலேருந்து ஷூ போடாம நடக்கறேன். மெப்ராத் போன்ல கேட்டுச் சொன்னா, வர்ற வழியெல்லாம் அக்கா தூங்கவே இல்லையாம். இனிமே இவன் காவலாம்."

மேவிஸ் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பிவந்து குனிந்து, போனில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

"என்ன சொன்னே?"

அவள் மறுபடி சொன்னாள், அப்போதும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது காதை அவளிடம் கொடுத்தேன்.

"தூங்கட்டும்னேன்" என்றாள்.