காலி பண்ணச் சொல்லுங்க, சார்

பிளம்பருக்கு ஊரில் பாதி வீட்டுக் குழாய்களின் குணம் அத்துப்படி. அடுத்தவர் வீட்டில் சொட்டுச் சத்தம் கேட்டால் கை துறுதுறுக்கும். தான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் குளியலறைக் குழாய் மட்டும் இரண்டு வருடமாகத் துணிக்கட்டோடு நின்றது.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கியவர், கடைசிப் படி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தார். தீரவில்லை. கணுக்கால் முறிந்தது. உயரத்திலிருந்தாவது விழுந்திருக்கக் கூடாதா என்பதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிய வருத்தம்.

இரண்டு மாதம் மாவுக்கட்டு. பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டும் மனைவியின் சம்பளம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சரியாகப் போனது. வாடகை நின்றது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வாய் திறந்து கேட்கவில்லை. தினமும் காலையில் மாடிப்படி அடியில் நின்று, “கால் எப்படி இருக்கு தம்பி?” என்பார். பிளம்பர் காதில் அது “வாடகை எப்படி இருக்கு?” என்றே விழுந்தது.

கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு மாத வாடகை கொடுத்து உதவும் அலுவலகம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஊன்றுகோலோடு போனார்.

“வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரா?” என்று கேட்டாள் அங்கிருந்த அதிகாரி.

“ஐயோ, இல்ல மேடம். தங்கமான மனுஷன்.”

“தங்கமா இருந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. வீடு கைவிட்டுப் போற நிலைமைல இருக்கறவங்களுக்குத்தான் இந்தப் பணம். அவர் கைப்பட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க.”

வாத்தியார் மாடிக்கு வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “சொல்லாததைச் சொன்னேன்னு எழுத மாட்டேன் தம்பி.”

“அப்போ சொல்லிடுங்க சார்.”

“என்னன்னு?”

“வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க.”

வாத்தியார் தொண்டையைச் செருமினார். “தம்பி... உங்களுக்கு வசதிப்படற நேரத்துல... முடிஞ்சா...”

“விருந்துக்கா சார் கூப்பிடறீங்க? கொஞ்சம் காரமா சொல்லுங்க.”

மூன்றாம் முறை வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்: “மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணு!”

வேலை முடிந்து வந்த மனைவி, காய்கறிப் பையோடு வாசலில் நின்றிருந்தாள்.

“கால் உடைஞ்சு கிடக்கற மனுஷன்கிட்ட பேசற பேச்சா சார் இது?”

“அடியே, நான்தான் அவரை...” என்றார் பிளம்பர்.

“நீங்க சும்மா இருங்க!” என்று அவர் வாயை அடைத்துவிட்டு, மூன்று வருடமாக மனதில் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். மோட்டார் போடுவதில் கஞ்சத்தனம், மாடிப்படியில் எரியாத விளக்கு, ஒன்று பாக்கியில்லை.

வாத்தியாருக்கு மூக்கு சிவந்தது. “உங்க வீட்டுக்காரர் ஊர்க் குழாயெல்லாம் சரி பண்ணுவாரு, என் குழாய் மட்டும் ஒழுகும்! கீழ என் சுவரெல்லாம் ஊறிப் போச்சு. நிஜமாத்தான் சொல்றேன், காலி பண்ணுங்க!”

பிளம்பர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. “இப்போ எழுதலாமில்ல சார்?” என்று பேனாவை நீட்டினார்.

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. அதைப் படித்த அதிகாரி மூக்கை உறிஞ்சினாள். “பாவம்ங்க. இப்படிப்பட்ட ஆள்கிட்டயா குடியிருக்கீங்க?”

“அதுல இருக்கறது எல்லாம் உண்மைதான் மேடம்” என்றார் பிளம்பர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாவது வாரம் பணம் நேராக வாத்தியார் கணக்குக்கே போனது. அன்று சாயங்காலமே அவர் மாடியேறி வந்தார். “அன்னைக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்மா. நீங்க இங்கயே இருங்க.”

நடந்ததெல்லாம் இதற்குள் மனைவிக்குத் தெரியும். விழுந்து விழுந்து சிரித்தும் முடித்திருந்தாள். ஆனாலும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

“உட்காருங்க சார். அதையும் எழுத்துல குடுத்துடுங்க.”