சீனிக்குத் தடவிய தைலம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பூனை சீனி தும்மியது. ஒரு தடவை அல்ல... பத்துப் பதினைந்து தடவை.

எங்கள் மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கம் பனி இறங்கிவிட்டால் மனிதர்களே மூக்கைச் சிந்திக்கொண்டுதான் திரிகிறோம். பூனைக்குச் சளி பிடிக்காதா? எங்கள் வீடுகளில் சளிக்கு என்ன மருந்து? யூக்கலிப்டஸ் தைலம்தான். மண்டைக்குத்து, முழங்கால் வலி, பிள்ளையின் இருமல் – எல்லாவற்றுக்கும் அதே போத்தல். தாராளமாக உள்ளங்கையில் ஊற்றி, சீனியின் நெஞ்சில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். எனக்கு அப்படியொரு திருப்தி.

சீனி என்ன செய்யும்? பூனை செய்வதைச் செய்தது. நெஞ்சு முழுக்க நக்கிச் சுத்தம் பண்ணியது.

அரைமணி நேரத்தில் வாயிலிருந்து எச்சில் வடிய ஆரம்பித்தது. எழுந்து நடக்கப் பார்த்தது – பின்கால் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை. என் மனைவி சாந்தி தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாக விசாரித்து, நுவரெலியாவில் ஒரு மிருக வைத்தியரின் நம்பரை வாங்கி வருவதற்குள் கால்மணி நேரம் போய்விட்டது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். போனில் பொறுமையாகக் கேட்டார். “பூனைக்கு ஏதும் பூசினனீங்களோ? என்ன எண்டாலும் சொல்லுங்கோ.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஒண்ணும் தடவலைங்க டாக்டர்.”

பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் நான். படித்த மனிதன் செய்கிற வேலையா இது என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்! அவர் பாவம், எலிமருந்தா, புல்லுக்கு அடிக்கிற மருந்தா என்று வேறு பக்கம் விசாரித்துக்கொண்டே போனார். அதற்குள் சீனி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

சாந்தி போனை என் கையிலிருந்து வாங்கினாள். “இவருதாங்க டாக்டர், தைலத்தத் தேச்சுவிட்டாரு. நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சாரு. இப்ப என்னங்க செய்யணும்?”

டாக்டர் திட்டவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழந்தை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். மேலும் நக்கவிடாமல், ஈரம் துடைத்து, துவாயில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வரச் சொன்னார். பால், உப்புத்தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாதாம். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாதாம்.

ஆட்டோவில் போன வழியெல்லாம் சீனியின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அழுதேன். ஆமாம், அழுதேன்.

பிழைத்துவிட்டது. இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள்.

நீங்களும் பூனை வளர்க்கிறீர்களா? மிருக வைத்தியரின் நம்பரை இன்றைக்கே போனில் ஏற்றிவிடுங்கள். தூக்கிப்போக மூடியுள்ள ஒரு கூடை, ஒரு பழைய துவாய் – தனியாக இருக்கட்டும். நமக்கு ஒத்துக்கொள்கிற மருந்து பூனைக்கு விஷமாக இருக்கலாம். கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள், தடவாதீர்கள். தெரியாமல் செய்துவிட்டீர்களா? டாக்டர் கேட்டதும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

அந்த ஐந்து நிமிடப் பொய்யில் நான் காப்பாற்றப் பார்த்தது என் மானத்தை... போகப் பார்த்தது சீனியின் உயிர்.