தூக்கக் கூடாத பிள்ளை

நெல் அவித்த கிடாரத்தைத் தனியாக இறக்கப் போய்த்தான் என் நாரி, அடிமுதுகு, போனது. ஒரு குரல் கொடுத்திருந்தால் பின்வளவில் இருந்த தங்கச்சி ஓடி வந்திருப்பாள். எனக்கு யாரையும் கூப்பிடுகிற பழக்கம் இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகளுக்கு ஒன்றரை வயது. கல்முனையில் ஊசி, எண்ணெய், பத்து என்று எல்லாம் பார்த்துக் களைத்து, கடைசியில் கொழும்பில் முதுகை வெட்டி, முள்ளந்தண்டில் விலகின தட்டை எடுத்தார்கள்.

ஒபரேசன் முடிந்த கையோடு போட்ட ஊசி சொர்க்கம். உடம்பு வேறு யாருடையதோ போலக் கிடந்தது. பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். இன்னும் ஒன்று போடச் சொல்லிக் கெஞ்சினேன். அது பழகிப் போகும் என்று பெரிய டொக்டர் மறுத்துவிட்டார். வீட்டுக்குத் தந்தது பரசிட்டமோல் குளிசை, நாளுக்கு நாலு தரம். வீக்கத்துக்கு ஒரு சின்னக் குளிசை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. முழங்காலுக்குக் கீழே தலையணை, சுடுதண்ணிப் பை, கொஞ்சம் கொஞ்சமாக நடை. குனியக் கூடாது. மூன்று மாதத்துக்குப் பாரம் எதுவும் தூக்கக் கூடாது.

"பிள்ளைய?" என்று கேட்டேன்.

பிள்ளையையும்தான் என்றார். சிங்களத்தில் அவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்ன நர்ஸ் மிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வான் வண்டியின் பின் சீட்டில் படுத்தபடி ஊர் வந்து சேர்ந்தேன். வாசலில் என்னைக் கண்டதும் மகள் ஓடி வந்தாள். என் காலைக் கட்டுவதற்குள் தங்கச்சி அவளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். செய்ய வேண்டியதைத்தான் செய்தாள். எனக்கென்றால் அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல வந்தது.

வேளாண்மை வெட்டுக் காலம். என் புருசன் விடிய வயல் வட்டைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். என் மருந்து, மகள், அடுப்பு எல்லாம் தங்கச்சியின் தலையில். எங்கள் வீட்டில் மணிக்கூடு அழகுக்குத்தான் சுவரில் தொங்கியது. உலை வைப்பதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் பள்ளிவாசல் பாங்கை வைத்துத்தான். மத்தியானம் லுஹருக்கு முந்தி, பின்னேரம் அஸருக்குப் பிறகு, இப்படித்தான் எங்களுக்கு நேரம் ஓடும். நாலு தரம் என்றதும் தங்கச்சி குளிசையையும் பாங்கோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். விடியச் சுபஹுக்கு வெறும் வயிறு, அது வேண்டாம். மிச்சம் லுஹர், அஸர், மஃரிப், இஷா. கணக்கு நாலு வந்தது. பள்ளியில் பாங்கு தொடங்கினால் போதும், தண்ணீர்க் கோப்பையோடு வந்து நிற்பாள்.

பின்னேரங்களில் நான் நல்ல மனுசி. வேலியால் எட்டிப் பார்க்கிறவர்களோடு பகிடி விடுவேன். ஆனால் மகள் அந்நேரம் அயல் பிள்ளைகளோடு மண்ணில் கிடப்பாள். அவள் என்னைத் தேடுவது காலையில். குளிப்பாட்டி, பவுடர் மணக்க மணக்கக் கட்டிலடியில் கொண்டுவந்து விடுவாள் தங்கச்சி. அப்போது என் நாரிக்குள் யாரோ அலவாங்கு போட்டுக் கிண்டிக்கொண்டிருப்பார்கள். கட்டில் கொஞ்சம் அசைந்தாலே கத்திவிடுவேன்.

"கொண்டு போ இவள!"

பிள்ளை மிரண்டுவிடும். அவள் போன பிறகும் பவுடர் மணம் படுக்கையில் கிடக்கும். அதை மோந்துகொண்டு அழுவேன். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அப்படி ஏங்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

காலையில் இந்த நோவுக்கு உரம் கூடுதல் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

கிளினிக்குக்குப் போன அன்று, அங்கிருந்த பெண் டொக்டர் குளிசை எப்போது போடுகிறோம் என்று கேட்டார். தங்கச்சி பெருமையோடு சொன்னாள்.

"ஒரு நேரமும் தவறினதில்ல டொக்டர். பாங்கு சொல்லச் சொல்லக் குடுக்கன்."

"எந்தப் பாங்குக்கு?"

சொன்னாள். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"நாலையும் லுஹருக்கும் இஷாவுக்கும் இடையில, ஏழு மணித்தியாலத்துக்குள்ள போட்டா ஈரல் என்னத்துக்காகும்? பிறகு அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் ஒண்டுமில்ல. விடிய நோகாம என்ன செய்யும்?"

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நல்ல காலம், ஒன்றும் இல்லை. இனி ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், மணிக்கூட்டைப் பார்த்து. விடியவும் ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு போட வேண்டும்.

தங்கச்சி வழி முழுக்க அழுதாள். "நான்தான் ராத்தா ஒங்கள நோக வெச்சிட்டன்."

"விடுகா. எனக்கும் தலைக்குள்ள மூளை இருந்ததுதானே."

அதற்குப் பிறகு காலை நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. வலி போகவில்லை, ஆனால் சாய்ந்து உட்கார முடிந்தது. "இப்ப கொண்டு வா" என்றேன். மகள் கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கற்கண்டைக் காட்டினேன். வந்தாள், வாங்கினாள், ஓடினாள். காலையென்றால் உம்மா கத்துவாள் என்பது அவளுக்குப் பாடமாகிவிட்டது. தங்கச்சியின் இடுப்பில் அவள் காலை ஆட்டிக்கொண்டு இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் இடுப்பு வெறுமையாக இருந்தது. அவளுக்காகத்தான் நடந்தேன். வளவைச் சுற்றிச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

மூன்று மாதம் கழிந்து, தூக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முழங்காலை மடித்து இருந்து, அவளை அணைத்துக்கொண்டு எழும்பினேன். நாரி ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகக் கனத்திருந்தாள். அவள் ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு உடம்பை வளைத்து முறுக்கிக்கொண்டு, "சாச்சி! சாச்சி!" என்று வீரிட்டாள்.

தங்கச்சி ஓர் அடி முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பிள்ளையை இறக்கவில்லை. இன்னொருத்தியைக் கேட்டுத்தான் அழுதாள். அழட்டும். என் நெஞ்சில் கிடந்துதானே அழுகிறாள் என்று, அவளைத் தட்டிக்கொடுத்தபடி நின்றேன்.