அணைக்கக் கூடாத பெட்டி

நெருப்பு மூட்டாமல் சமையல் கேஸிலிருந்து கரண்டு எடுக்கிற தொழில் எங்களுடையது. உலைக்குள் எதையாவது வைத்துவிட்டு, அது ஆறும்வரை வெளியே உட்கார்ந்து பழகியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தகடு

இதற்கு உயிரே மெல்லிய பீங்கான் தகடுகள்தான். கடும் சூட்டில் சுட்டு, மெதுவாக ஆறவிட வேண்டும். திண்டிவனம் பட்டறையில் புத்தகத்தைப் பார்த்து நானாகச் செய்த முதல் தகடுகள் எல்லாம் நெளிந்துதான் வந்தன. அப்போது என் மனைவி இருந்தாள். சாப்பாடு கொண்டுவந்தவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்கு அப்பளமே சுட்டிருக்கலாம். தொட்டுக்கவாவது ஆயிருக்கும்.”

காத்திருப்பு

தகடுகளை அடுக்கிச் செய்த முதல் பெட்டியை, கரண்டு போகும் நேரத்துக்கு உதவ, விக்கிரவாண்டியில் யூசுப் பாயின் பிரியாணிக் கடையில் வைத்தோம். வேறு யாரும் கேட்கவில்லை. இங்கே நிலைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று கூட்டாளி செல்வம் சொல்லிவிட்டான். தகடுகள் நன்றாகச் சூடானால்தான் கரண்டு வரும். காலையில் சூடேற்ற ஆரம்பித்தோம். அவசரப்பட்டால் தகடு வெடித்துவிடும். மதியக் கூட்டமே சாப்பிட்டுப் போய்விட்டது, பெட்டி தயாராகவில்லை. பாய் வந்து தொட்டுப் பார்த்தார்.

“ஏண்ணே, இது சூடாவறதுக்குள்ள போன கரண்டு வந்து, திரும்பவும் போயிடுமே!”

பழக்கம்

ஒருமுறை சூடானால், கரண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாயிடம் பலமுறை சொன்னோம். தலையாட்டினார். ஒருநாள் போன கரண்டு வந்ததும் நேரே போய் கேஸை மூடிவிட்டார். திறந்து பார்த்தால், சட்டென்று ஆறியதில் தகடு அத்தனையும் விரிசல். செல்வம் கத்தினான். பாய்க்கும் கோபம் வந்துவிட்டது.

“கரண்டு வந்த பொறவும் ஜெனரேட்டர ஓட்டிக்கினு இருக்கறவன் ஊர்ல எவனாச்சும் உண்டாங்க?”

அண்டா

வேறு தகடுகள் போட்டுக் கொடுத்தோம். ஓடியது. ஆனால் கரண்டு இருக்கும்போதும் கேஸ் செலவாவதைப் பார்க்கப் பாய்க்குப் பொறுக்கவில்லை. “எடுத்துக்கினு போயிடுங்க” என்று போன் செய்தார். வண்டியோடு போனோம்.

பெட்டியிலிருந்து வெளியேறும் சூடு வீணாகாமல் இருக்க, குழாய் சுற்றி, பின்பக்கத் தொட்டிக்கு வெந்நீர் விட்டிருந்தேன். நாளெல்லாம் சுடச்சுட வரும். கேஸைக் குறைக்கக் குனிந்ததும், பாத்திரம் தேய்க்கும் அஞ்சலை குறுக்கே வந்து நின்றாள். “இத்த எடுத்துக்கினு போனா, நெய் புடிச்ச அண்டாவ யாரு பச்சத்தண்ணில தேய்க்கறது? நீங்க வர்றீங்களாண்ணே?” பாய் அண்டாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“வுடுங்கண்ணே, அது பாட்டுக்கு ஓடட்டும். கரண்டு வருதோ இல்லியோ, சுடுதண்ணி நிக்கக் கூடாது.”

பட்டறை இன்றும் ஓடுகிறது, ஆனால் கரண்டுக்காக இத்தனை பாடுபட்டுச் செய்த பெட்டிக்கு அந்தக் கடையில் பெயர் ‘பாய்லர்’.